எலெக்ட்ரிக் கார் ரேஞ்ச்: ஷோரூம்ல சொல்ற 450 கிமீ, ஹைவேயில 160 ஆகுற கணக்கு

எலெக்ட்ரிக் கார் வாங்கலாமா வேண்டாமா வீடியோவுக்குக் கீழே அதிகமா வந்த கேள்வி விலையைப் பத்தி இல்லை, இஎம்ஐ பத்தியும் இல்லை. "ப்ரோ, 450 கிமீ போகும்னு போட்டிருக்கான், உண்மையா எவ்வளவு போகும்?" இதுதான். வீடியோல ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டுப் போயிட்டேன். அது போதாது. ஏன்னா 12 லட்சம் வெர்ஷனா, 14 லட்சம் வெர்ஷனா என்று நீங்க முடிவு பண்ணப் போறதே இந்த ஒரு நம்பரை வைத்துத்தான்.

முதலில் என் நண்பனின் கதை. ஓ.எம்.ஆர்.ல ஒரு ஐடி கம்பெனியில் வேலை, சொந்த ஊர் திருச்சி. 40 யூனிட் பேட்டரி இருக்கிற ஒரு சின்ன எஸ்யூவி வாங்கினான். கம்பெனி சொன்ன ரேஞ்ச் 450க்கு மேல். அவ்வளவு வராது என்று அவனுக்கும் தெரியும். அதனால் பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும்போது டிஸ்ப்ளேயைத்தான் நம்பினான். ஃபுல் சார்ஜ், 290 கிமீ என்று காட்டியது. பெருங்களத்தூரில் இருந்து திருச்சி ஏறக்குறைய 300. வழியில் ஒரு டீ, பத்து நிமிஷம் சார்ஜ், போய்ச் சேர்ந்துடலாம் என்பது அவன் திட்டம்.

காரில் மூணு பேர், டிக்கி நிறைய பை, ஏசி, வேகம் 100. விழுப்புரம் வரும்போது பேட்டரி 41 சதவீதம். 130 கிமீதான் ஓடியிருக்கு, பாதிக்கு மேல் காலி! முதல் சார்ஜரில் நாலு கார் வரிசை. அடுத்ததைத் தேடி உளுந்தூர்பேட்டை போனான், அங்கேயும் ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, முக்கால் மணி நேரம் சார்ஜ் போட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் போக வேண்டியவன் சாயங்காலம் காபிக்குப் போய்ச் சேர்ந்தான். கார் மேல் எந்தக் கோளாறும் இல்லை. டிஸ்ப்ளேயும் பொய் சொல்லவில்லை. அவன் கேட்காத கேள்விக்கு அது பதில் சொன்னது, அவ்வளவுதான்.

அந்த 450 எங்கிருந்து வருது?

ரோட்டில் ஓட்டிப் பார்த்து எழுதின நம்பர் இல்லை அது. லேபில், உருளைகள் மேல் காரை நிறுத்தி, ஒரு குறிப்பிட்ட டைம்டேபிள் படி வேகத்தை ஏத்தி இறக்கி அளப்பார்கள். நம்ம நாட்டில் அந்த டைம்டேபிளுக்குப் பேர் எம்ஐடிசி. ஐரோப்பா எப்பவோ கைவிட்ட பழைய டெஸ்ட்டை நம்ம ஊருக்குத் தகுந்த மாதிரி மாற்றியது. இதில் ரெண்டு பகுதி: முதல் பகுதி சிட்டி, வேகம் 50ஐத் தாண்டாது. ரெண்டாவது பகுதி ஊருக்கு வெளியே, அதிகபட்சம் 90. ஏசி ஆஃப். மேடு கிடையாது, எதிர்காத்து கிடையாது, பின் சீட்டில் மாமியார் கிடையாது.

ரொம்ப நாளா எலெக்ட்ரிக் கார்களுக்கு முதல் பகுதியை மட்டும் வைத்தே ரேஞ்ச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2024ல்தான் ரெண்டு பகுதியையும் சேர்த்துச் சொல்லும் முறை வந்தது. அதனால் யூடியூப்ல பழைய ரிவ்யூ ஒண்ணையும் புது விளம்பரம் ஒண்ணையும் பக்கத்துல வைத்து ஒப்பிடாதீங்க, ரெண்டும் வேற வேற அளவுகோல்.

இந்த இடைவெளி கம்பெனிகளுக்கும் தெரியும். டாடா 2024ல் கர்வ் இ.வி.யை வெளியிட்டபோது 55 யூனிட் பேட்டரிக்கு டெஸ்ட் நம்பர் 585 கிமீ. அதே கையோடு, ரோட்டில் எதிர்பார்க்க வேண்டியது 400 முதல் 425 என்று அவங்களே சொன்னாங்க. இதற்கு சி75 என்று பேர். வாடிக்கையாளர்களில் 75 சதவீதம் பேருக்குக் கிடைக்கிற ரேஞ்ச் என்று அர்த்தம். 45 யூனிட் நெக்ஸானுக்கு 489க்கு எதிரே 350 முதல் 370. அதாவது டெஸ்ட் நம்பரில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு. எந்த ஷோரூமுக்குப் போனாலும் இப்படி ஒரு ரெண்டாவது நம்பர் இருக்கா என்று கேளுங்க. அமெரிக்காவில் லேபில் வந்த ரேஞ்சைப் பொதுவா 0.7ஆல் பெருக்கிக் குறைத்துத்தான் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். நம்ம ஊரில் அந்தப் பெருக்கலை நீங்களே பண்ணிக்கணும்.

ஆனால் முக்கால் பங்கு என்பதுகூட சிட்டியும் ஹைவேயும் கலந்த சராசரிதான். என் நண்பனுக்கு அந்த முக்கால்கூட வரலை பாருங்க. ஏன்?

பெட்ரோல் கார் ஓட்டிப் பழகின எல்லாருக்கும் மனதில் ஒரு கணக்கு பதிந்திருக்கும்: சிட்டியில் மைலேஜ் கம்மி, ஹைவேயில் ஜாஸ்தி. எலெக்ட்ரிக் காரில் இது அப்படியே தலைகீழ். சிக்னலில் நிற்கும்போது மோட்டார் கரண்ட் குடிக்காது. பிரேக் போடும்போது கொஞ்சம் கரண்ட் திரும்ப பேட்டரிக்குள் போகும். ஹைவேயில் பிரேக்கே போடுறதில்லை, திரும்ப வர்றதுக்கு ஒண்ணும் இல்லை. காத்தைக் கிழித்துக்கொண்டு போக வேண்டிய வேலை மட்டும் ஏறும். காத்தின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 80ல் போறவர் 100க்கு ஏத்தினால் வேகம் கால் பங்குதான் கூடுது, காத்தோடு மல்லுக்கட்டச் செலவாகும் கரண்ட் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகுது.

இப்போ நண்பனின் டிஸ்ப்ளேக்கு வருவோம். நிறைய கார்களில் அந்த நம்பர் நீங்க சமீபத்தில் ஓட்டினதைப் பார்த்துப் போடுற கணக்கு. ஒரு வாரமா வேளச்சேரியிலும் பெருங்குடியிலும் மெதுவா ஓட்டினால் ஒரு கிமீக்கு 138 வாட்-அவர் என்று கார் கற்றுக்கொள்ளும். 40 யூனிட்டை அதால் வகுத்தால் 290. நூறில் போகும்போது செலவு 180க்கு ஏறிப்போச்சு. 40 யூனிட்டை 180ஆல் வகுத்தால் 222 கிமீ. அவ்வளவுதான் விஷயம். சில கார்கள் இப்படிக் கற்றுக்கொள்ளாமல் ஒரு நிலையான நம்பரை பேட்டரி சதவீதத்தால் பெருக்கிக் காட்டும், அது இன்னும் மோசம். நீளப் பயணத்தில் கிமீ நம்பரைப் பார்க்காதீங்க, சதவீதத்தைப் பாருங்க. முதல் 30 கிமீக்கு எத்தனை சதவீதம் இறங்கினது என்று தெரிந்தால் மிச்சத்தை மனக்கணக்கா போட்டுடலாம்.

அதோடு, ஹைவேயில் யாரும் 100ல் இருந்து 0 வரைக்கும் ஓட்டப் போறதில்லை. 10 சதவீதத்துக்குக் கீழே இறக்கினால் வயித்துல புளி கரைக்கும். 80க்கு மேல் ஃபாஸ்ட் சார்ஜரில் வேகம் குறைஞ்சுடும், நின்னுக்கிட்டே இருக்கணும். ஆக ஒரு சார்ஜுக்கும் அடுத்த சார்ஜுக்கும் நடுவில் கையில் இருப்பது 70 சதவீதம். 222ல் 70 சதவீதம் 155 கிமீ. ஷோரூமில் 450, ரோட்டில் ரெண்டு சார்ஜருக்கு நடுவில் 155, சுத்தமா எழுதினா 160ன்னு வச்சுக்கோங்க. திருச்சிக்கு, மதுரைக்குப் போறவங்க பிளான் போட வேண்டிய நம்பர் இதுதான்.

சிட்டியில் ரேஞ்சைத் தின்கிறது வேகம் இல்லை, ஏசி. ஏசி கிமீ கணக்கில் செலவு பண்ணாது, மணிக் கணக்கில் பண்ணும். நம்ம ஊர் வெயிலுக்கு மணிக்கு 1 முதல் 1.5 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். ஹைவேயில் அந்த ஒரு மணி நேரத்தில் 90 கிமீ போயிடுவீங்க, கிமீக்கு 17 வாட்-அவர்தான், தெரியவே தெரியாது. ஓ.எம்.ஆர்.ல சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு மணி நேரத்தில் 18 கிமீ நகர்ந்தால் கிமீக்கு 80க்கு மேல். கார் நகர்றதுக்கே அதைவிடக் கொஞ்சம்தான் ஜாஸ்தி ஆகும்! மே மாதம் ரேஞ்ச் குறைஞ்சா பேட்டரி போயிடுச்சோ என்று பயப்பட வேண்டாம்.

மலை ஏறுறவங்களுக்கு ஒரு வார்த்தை. மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்கு ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம் ஏறணும். ஆட்களோடு 1,700 கிலோ இருக்கும் காரைத் தூக்க மட்டுமே 9 யூனிட் கிட்ட ஆகும், ரோட்டில் ஓடுற செலவு தனி. இறங்கும்போது அதில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். அதனால் ஊட்டி ஹோட்டலில் நூறு சதவீதம் ஏத்திட்டுக் கிளம்பாதீங்க. இறக்கத்தில் வரும் கரண்டைப் போட பேட்டரியில் இடம் இருக்காது.

சரி, இதுல காசு எங்கே இருக்கு?

ரெண்டு இடத்தில் இருக்கு. ஒண்ணு, பெரிய பேட்டரி வாங்கணுமா என்கிற முடிவு. "ரேஞ்ச் பத்தாதோ" என்ற பயத்தில் நிறைய பேர் பண்ற முடிவு இது. உதாரணத்துக்கு, பெரிய பேட்டரி வெர்ஷனுக்கு ஒன்றரை லட்சம் ஜாஸ்தி. 9 சதவீத வட்டி, 5 வருஷம். மாசம் 3,114 ரூபாய் கூடுதல் இஎம்ஐ, மொத்தம் 1,86,800 ரூபாய் கிட்ட. நீங்க வருஷத்துக்கு நாலு தடவை ஊருக்குப் போறீங்க, போக வர எட்டு பயணம், 5 வருஷத்தில் 40. ஒவ்வொரு பயணத்திலும் அந்தப் பெரிய பேட்டரி ஒரே ஒரு சார்ஜிங் நிறுத்தத்தை மிச்சப்படுத்துது என்று வைத்தால், ஒரு நிறுத்தத்தைத் தவிர்க்க நீங்க கொடுக்கிற விலை 4,670 ரூபாய். முக்கால் மணி நேரம் டிபன் சாப்பிட்டுக்கொண்டு உட்காராமல் இருக்க! அந்தக் காசில் ஏசி ரயில் டிக்கெட்டே எடுத்துடலாம்.

இதையே எல்லாருக்கும் சொல்ல மாட்டேன். வாடகை வீடு, அபார்ட்மென்ட்டில் சார்ஜர் போட அனுமதி இல்லை என்றால் கணக்கு மாறும். சிட்டியிலேயே பப்ளிக் சார்ஜரை நம்பி இருக்கிறவருக்குப் பெரிய பேட்டரி என்பது வாரத்துக்கு ரெண்டு தடவை வரிசையில் நிற்பதற்குப் பதில் ஒரு தடவை. அது தினசரி வாழ்க்கை, வருஷத்துக்கு நாலு நாள் விஷயம் இல்லை. சொல்லப் போனால், வீட்டில் சார்ஜ் போட வழி இல்லாதவங்க இப்போதைக்குக் கொஞ்சம் பொறுங்க என்பதுதான் என் கருத்து.

ரெண்டாவது இடம் ஓட்டும் செலவு. "கிமீக்கு ஒரு ரூபாய்" என்ற விளம்பரம் அந்த லேப் ரேஞ்சை வைத்துப் போட்டது. உங்க வீட்டு மீட்டரில் ஓடும் யூனிட் எல்லாம் பேட்டரிக்குள் போறதில்லை, சார்ஜ் ஆகும்போதே 10 சதவீதத்துக்கு மேல் சூடாகிப் போயிடும். கிமீக்கு 150 வாட்-அவர் என்றால் மீட்டரில் 170 ஓடும். அதோடு நம்ம மின்கட்டணம் ரெண்டு மாசக் கணக்கு, ஸ்லாப் முறை. 500 யூனிட்டைத் தாண்டினால் ஒரு யூனிட் 8 ரூபாய்க்கு மேல், 1,000ஐத் தாண்டினால் 11 ரூபாய்க்கு மேல். காருக்குப் போகும் யூனிட் எல்லாம் உங்க பில்லின் உச்சியில் போய் உட்காரும். 8.50 என்று வைத்தாலும் கிமீக்கு 1.45 ரூபாய். பரவாயில்லை, பெட்ரோலுக்கு இது எவ்வளவோ மேல்.

ஹைவே ஃபாஸ்ட் சார்ஜர் தனிக் கதை. 18 சதவீத ஜிஎஸ்டியோடு யூனிட் 22 ரூபாய் என்று எடுத்துக்கோங்க. நூறில் ஓடும் காருக்கு, இழப்பையும் சேர்த்து கிமீக்கு 190 வாட்-அவர், 4.20 ரூபாய் ஆகும். லிட்டருக்கு 18 கிமீ கொடுக்கும் டீசல் காருக்கு 5 ரூபாய் சொச்சம். வித்தியாசம் இருக்கு, ஆனா நீங்க நினைச்ச அளவுக்கு இல்லை. மாச ஓட்டத்தில் பாதிக்கு மேல் ஹைவே என்றால், "அஞ்சு வருஷத்துல போட்ட காசு திரும்ப வந்துடும்" என்ற கணக்கை இந்த 4.20ஐ வைத்து ஒரு தடவை திரும்பப் போடுங்க.

உங்க ரேஞ்சை நீங்களே அளக்கிறது கஷ்டமே இல்லை. ஷோரூம் டெஸ்ட் டிரைவ் அஞ்சு கிமீ, அது எதுக்கும் ஆகாது. அதே மாடலை ஒரு வார இறுதிக்கு செல்ஃப் டிரைவ் வாடகைக்கு எடுங்க, சில ஆயிரம் ரூபாய் ஆகும். 15 லட்சம் போடப் போற இடத்தில் இதைச் செலவு என்றே நான் எண்ண மாட்டேன். ட்ரிப் மீட்டரை ரீசெட் பண்ணுங்க. ஒரு தடவை உங்க ஆபீஸ் ரூட்டில், நீங்க உண்மையாவே போகும் நேரத்தில், ஏசியோடு. இன்னொரு தடவை ஹைவேயில் குறைந்தது 50 கிமீ, உங்க வழக்கமான வேகத்தில், வழக்கமா வரும் ஆட்களோடு. போக 50, வர 50 என்றால் இன்னும் நல்லது, காத்தும் மேடும் சமமாயிடும். கார் கிமீக்கு எத்தனை வாட்-அவர் என்று காட்டினால் எழுதிக்கோங்க. காட்டலைன்னா எத்தனை கிமீக்கு எத்தனை சதவீதம் இறங்கினது என்பது போதும். அதிலிருந்து வரும் ரேஞ்சில் இன்னும் ஒரு 15 சதவீதம் கழித்துப் பாருங்க, ஏன்னா 6 வருஷம் கழித்து பேட்டரி புதுசு மாதிரி இருக்காது. பல கம்பெனிகள் 8 வருஷம், 1,60,000 கிமீ வாரன்டி தருது. ஆனா எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றிக் கொடுப்பாங்க என்ற வரியைத் தேடிப் படிங்க.

நண்பன் காரை விற்கலை. இந்தத் தடவை சித்திரைக்கு ஊருக்குப் போகும்போது 85ல் போனான், திண்டிவனத்தில் இட்லி சாப்பிடும்போது இருபது நிமிஷம், பெரம்பலூர் பக்கம் இருபது நிமிஷம். ரெண்டு இடத்திலும் வரிசை இல்லை, ஏன்னா விடியற்காலை நாலு மணிக்கே கிளம்பிட்டான். எவ்வளவு நேரம் ஆச்சு என்று கேட்டேன். ஆறு மணி நேரம் என்றான். டிஸ்ப்ளே என்ன காட்டுச்சு என்று கேட்டேன். பார்க்கவே இல்லையாம்.