மலைப்பாதையில் பவர் ஸ்டீயரிங்: வணிகர்கள் அறிய வேண்டியவை



நமது கடைகளுக்கு வேண்டிய அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வர வேண்டும். இங்கு விளையும் காரட், உருளைக்கிழங்கு, தேயிலை கீழே போக வேண்டும். குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றம் சுமார் 1,500 மீட்டர். இந்தப் பாதையில் சரக்கையும் டிரைவரின் உயிரையும் காப்பதில் ஸ்டீயரிங்குக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே லாரி வைத்திருப்பவர்களும் வாடகைக்கு எடுப்பவர்களும் அதைப்பற்றி ஓரளவு தெரிந்திருக்க வேண்டும்.

இன்றைய லாரிகளில் எஞ்சினால் ஓடும் ஒரு பம்பு, ஆயிலை அழுத்தத்துடன் ஸ்டீயரிங் பாக்ஸுக்கு அனுப்புகிறது. டிரைவர் லேசாகத் திருப்பினாலே போதும். பாரத்தை ஆயில் தள்ளுகிறது. இதை 1926இல் அமெரிக்காவில் பிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியாளர் செய்துகாட்டினார்.

ஸ்டீயரிங் கனமாக இருக்கிறது என்று டிரைவர் சொன்னால், சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள். முதலில் டயரில் காற்றையும், ஏற்றிய பாரத்தையும் பாருங்கள். அடுத்து, சமதரையில் பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டுத் திருப்பச் சொல்லுங்கள். அப்போதும் இறுகலாக இருந்தால், கிங்பின் போன்ற பாகங்கள் கிரீஸ் இன்றி வறண்டிருக்கலாம். தாராளமாகத் திரும்பினால், கோளாறு பெரும்பாலும் ஆயில் பக்கம்தான்.

இரு பக்கமும் கனம் என்றால் ஆயில் குறைவு, பெல்ட் தளர்வு, பம்பு தேய்மானம் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கனம் என்றால் ஸ்டீயரிங் பாக்ஸை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். முனகல் சத்தமும் ஆயிலில் நுரையும் இருந்தால் எங்கோ காற்று புகுகிறது. ஹோஸ் கிளிப் தளர்ந்திருக்கலாம். உறைபனிக் காலத்து விடியற்காலையில் சற்றுக் கனமாக இருந்து பிறகு சரியானால் பயமில்லை. மாறாக, வண்டி சூடான பிறகு கனமானால் பம்பு தேய்ந்திருக்கக்கூடும்.

ஆயில் குறைந்தால் ஊற்றுவது மட்டும் வைத்தியமாகாது. கசிவைக் கண்டுபிடிக்க வேண்டும். கசிவைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. அழுத்தத்தில் பீச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டையைப் பிடித்துப் பாருங்கள். கம்பெனி சொன்ன ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல்கள் கெட்டுவிடும். வளைவில் ஸ்டீயரிங்கைக் கடைசி வரை திருப்பி அப்படியே அழுத்திப் பிடித்திருந்தாலும் ஆயில் கொதித்து பம்பு பழுதாகும்.

1993 நவம்பரில் மரப்பாலம் அருகிலும், 2009 நவம்பரில் மாவட்டத்தின் பல இடங்களிலும் மண் சரிந்தபோது பாதை திறக்கும் வரை நாம் பட்ட பாடு தெரியும். அத்தகைய மண்ணை அகற்றும் ஜேசிபி போன்ற இயந்திரங்களில் பெரும்பாலும் ஸ்டீயரிங்கையும் டயரையும் இணைப்பதே ஆயில்தான். அதில் சேறு கலந்தாலோ, பில்டர் அடைத்தாலோ, ஹோஸ் வெடித்தாலோ திருப்புவதே கடினம். மனை சமன்செய்ய இயந்திரம் அமர்த்துவோர் இதையும் கவனிக்க வேண்டும்.

முடிவாக முக்கியமான ஒன்று. இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி டீசலை மிச்சப்படுத்தச் சொல்லும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. ஒரு காலத்தில் நானும் சொன்னவன்தான். அது பெரும் தவறு. எஞ்சின் நின்றால் பம்பு நிற்கும். லாரியின் ஸ்டீயரிங் அறுந்து போகாது, ஆனால் பாறையாகக் கனக்கும். பிரேக்குக்குக் காற்று சேர்வதும் நின்றுவிடும். கியரில் ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் இறங்கினால் டீசல் செலவு ஏறக்குறைய இல்லை என்பதே உண்மை. இல்லாத லாபத்துக்காக ஒரு குடும்பத்தின் பிழைப்பைப் பணயம் வைக்கலாமா? இன்றே உங்கள் டிரைவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.