பிரித்து மாட்டிய 1850 வீடு: மர மூட்டின் ரகசியம் என்ன?

அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் பழைய வீட்டை இடிக்கும்போது கதவு நிலையின் மூலையைப் பாருங்க. பெரும்பாலும் இரும்பு ஆணி இருக்காது. ஒரு சட்டத்தின் முனையை நாக்கு மாதிரி செதுக்கி, அடுத்த சட்டத்தின் துளைக்குள் செருகி, குறுக்கே ஒரு மர ஆணி அடித்திருப்பார் ஆசாரி.

ஏன் இந்த மெனக்கெடல்? மரம் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். இரும்பு துருப்பிடிச்சா சுற்றியுள்ள மரத்தையும் சேர்த்துக் கெடுக்கும். மர ஆணிக்கு அந்தத் தொல்லையே இல்லை.

அதைவிட முக்கியம், கழற்றலாம். முட்டுக்காடு தட்சிணசித்ராவில் இருக்கிற சிரியன் கிறிஸ்தவர் வீடு, கோட்டயம் அருகே புதுப்பள்ளியில் 1850-ல் கட்டியது. அங்கே பிரித்து, இங்கே கொண்டுவந்து மறுபடி பூட்டினார்கள். 1996-ல் திறந்த அந்த வளாகத்தில் இப்படி ஊர்விட்டு வந்த வீடுகள் இன்னும் இருக்கின்றன. கான்கிரீட் வீட்டுக்கு இது நடக்குமா என்ன!

ஆனால், நம்ம ஊரில் இடிக்கிற அவசரத்தில் மூட்டை மெஷினால் அறுத்துவிடுகிறார்கள். நாக்கு போனால் சட்டத்தின் நீளமும் போச்சு. அதே அளவில் நிலை திரும்ப நிற்காது. தாத்தா வீட்டைப் பிரிக்கப் போறீங்களா? முதலில் மர ஆணியைத் தட்டி எடுக்கச் சொல்லுங்க. கழற்றும் முன்பே ஒவ்வொரு சட்டத்திலும் பெயின்ட்டில் நம்பர் போட்டுடுங்க.