மிதித்தும் மசியாத கிளட்ச்

பட்டறையில் வேலை பழகும் பிள்ளை உங்கள் வீட்டில் உண்டா? இதைப் படித்துக் காட்டுங்கள்.

இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரில் எண்ணெய் அழுத்தமே கிளட்சை விலக்குகிறது. பெடலை முழுவதும் மிதித்தும் கியர் கரகரவென்று உரசினால், எடுத்த எடுப்பில் புதுச் சிலிண்டர் வாங்கிவிடக் கூடாது.

எண்ணெய் குறைந்திருக்கிறதா, எங்காவது கசிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று முறை மிதித்ததும் பெடல் இறுகினால், குழாயில் காற்று புகுந்திருக்கும். அதை வெளியேற்ற வேண்டும். பெடல் தொடக்கத்தில் வெறுமனே ஆடினால், அதைச் சிலிண்டரின் தள்ளுதண்டோடு இணைக்கும் சிறு ஆணியைக் கழற்றிப் பார்க்கலாம். ஆணி தேய்ந்து, துளையும் நீண்டிருந்தால் மிதியில் ஒரு பங்கு அங்கேயே வீணாகிவிடும். புது ஆணி போட்டு, துளையைச் சரிசெய்தால் போதும்.

சிறு ஆணிக்குப் பெரிய பில் போடாத கைக்குத்தான் ஊரில் மதிப்பு. அதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்!