காரணமின்றிக் கைக்கு வந்த பொருள்

ஒருவர் நமக்கு யாதொரு கடனும் பட்டிராமலே தவறுதலாய்ப் பணம் செலுத்திவிடுகிறார். நாம் திருடவுமில்லை, வஞ்சிக்கவுமில்லை, அவருக்கு வாக்களிக்கவுமில்லை. அப்படியிருக்க, அதைத் திரும்பக் கொடுக்கும் கடமை எங்கிருந்து பிறக்கிறது?

பிறனுடைய நட்டத்தினால் ஒருவன் செல்வனாதல் இயற்கை நீதிக்கு ஒவ்வாது என்பது ரோமச் சட்ட அறிஞர் பொம்போனியஸின் கருத்து. ஆயினும் அதன் உட்பொருளைத் தெளிவாய் வகுத்தவர் 13ஆம் நூற்றாண்டின் இறையியலாளராகிய தாமஸ் அக்குவினாஸ் என்றே நாம் கருதுகிறோம். திரும்பக் கொடுத்தலுக்கு அவர் இரு காரணங்களைப் பிரித்துக் காட்டுகிறார்: எடுத்த செயலின் குற்றம் ஒன்று, கையிலிருக்கும் பொருள் பிறனுடையது என்பது மற்றொன்று. குற்றமே செய்யாதவனும் இரண்டாவது காரணத்தினால் கடனாளியாகிறான். குற்றத்தையும் மன்னிப்பையும் பற்றியே பேசிப் பழகிய நமக்கு இப்பிரிவினை சற்று அந்நியமாய்த் தோன்றக்கூடும்.

1900இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மானியச் சட்டக்கோவை, பொருளை வைத்திருப்பவனை நோக்கி, 'எந்தச் சட்டக் காரணத்தால் இதை வைத்திருக்கிறாய்?' என்று வினவுகிறது. ஆங்கிலச் சட்டமோ கொடுத்தவனை நோக்கி, 'ஏன் திரும்பக் கேட்கிறாய்?' என்கிறது. தவறு, வற்புறுத்தல் போன்ற ஒரு காரணத்தை அவனே நிலைநாட்ட வேண்டும். அங்கும் 1802 முதல், சட்டத்தை அறியாமல் கொடுத்த பணம் திரும்பாது என்றே தீர்த்துவந்தனர். 1998இல்தான் அத்தடை நீங்கிற்று.

நம் நாட்டின் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 72ஆம் பிரிவில், தவறினாலோ வற்புறுத்தலினாலோ பெற்றதைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது. சட்டத்தைப் பற்றிய தவறும் இதிலடங்கும் என்று பிரிவி கவுன்சில் 1949இலேயே தீர்ப்பளித்தது. ஆங்கிலேயர் வகுத்துத்தந்த சட்டம் அவர்தம் சொந்தச் சட்டத்தை அரை நூற்றாண்டு முந்திக்கொண்டது!

இனி, பெற்றவன் நல்லெண்ணத்தோடு அதைச் செலவழித்துவிட்டால்? ஜெர்மானியச் சட்டம் அவனிடம் எஞ்சியிருக்கும் ஆதாயத்தை மட்டுமே கேட்கிறது. இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையும் 1991இல் இத்தகைய எதிர்வாதத்தை ஏற்றுக்கொண்டது.

இந்தியாவில் இக்கோட்பாடு பெரிதும் சோதிக்கப்பட்டது வரி வழக்குகளிலேயாம். சட்டத்துக்குப் புறம்பாய் வசூலிக்கப்பட்ட வரியைத் திரும்பக் கேட்கும் உற்பத்தியாளர், அச்சுமையை முன்னரே வாங்குவோர்மேல் ஏற்றியிருந்தால், அவருக்கு அது கிடையாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு 1996இல் பெரும்பான்மையாய்த் தீர்ப்பளித்தது. கொடுத்தால் அவரே பிறர் பணத்தினால் ஆதாயமடைவார் என்பது சரியே. ஆனால் அரசு மக்களின் பிரதிநிதியாதலால் அதன்மேல் இக்கோட்பாடு செல்லாது என்றும் நீதிமன்றம் கூறிற்று. சுமையை மெய்யாகவே தாங்கினவர் கேட்கலாமாம். பல ஆண்டுகளுக்குமுன் கடையில் ஒரு சோப்பு வாங்கின ஏழை, அதிலடங்கிய சில காசுகளுக்காக எந்த அலுவலகத்தின் வாசலில் போய் நிற்பான்?