சூரியன் மறையாத ஊரில் விமானத்துக்குக் காத்திருக்கும்போது...

கனடாவின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்குள் உள்ள சிற்றூர் இனுவிக். கோடையில் 50 நாட்களுக்கும் மேல் அங்கு சூரியன் மறைவதில்லை. அங்கே விமானம் மாறக் காத்திருக்கும் நாம் மஃரிபை எப்போது தொழுவது?

தஜ்ஜாலின் காலத்தில் ஒரு நாள் ஓராண்டு போல நீளும்போது, நேரத்தைக் கணக்கிட்டுத் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். இதன் அடிப்படையில், இரவு பகல் பிரியும் அருகிலுள்ள நகரின் நேரத்தைப் பின்பற்றலாம் என்கின்றனர் அறிஞர்கள். இனுவிக் முஸ்லிம்களும் எட்மண்டன் நேரப்படி நோன்பு வைத்துள்ளனர். எனவே அந்நகரின் தொழுகை அட்டவணையை முன்பே எடுத்து வைத்துக்கொள்வோம். பயணிக்குக் கஸ்ர் சலுகையும் உண்டு.

நேரமிருந்தால் ஊருக்குள் சென்று பள்ளிவாசலில் தொழலாம். 2010இல் வின்னிபெக்கில் கட்டி, சுமார் 4,000 கி.மீ. தூரம் லாரியிலும் படகிலும் கொண்டுவரப்பட்ட பள்ளி அது. வானிலையால் விமானம் தாமதமாகலாம். ஹலால் உணவைக் கையோடு எடுத்துச் செல்வோம்.