காமிரா யார் பக்கம் நிற்கிறது?



போன மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன் கணக்கெல்லாம் பார்த்து முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு ஊக்குநர் அக்கா தன் செல்போனை எங்களிடம் நீட்டினார். பக்கத்து ஒன்றியத்துப் பெண் ஊராட்சித் தலைவர் ஒருவரைப் பற்றி யாரோ எடுத்த ஆவணப்படம். மொத்தம் 20 நிமிடம். "பாருங்க மேடம், இந்த அக்காவ நமக்குத் தெரியும்லா? பயிற்சிக்கு வந்திருந்தாவ. எவ்வளவு விவரமாப் பேசுவாவ! படத்துல பொம்மை மாதிரி உக்கார வச்சிருக்காங்க" என்றார்.

நாங்களும் பார்த்தோம். கேள்வி கேட்டால் கணவர் பதில் சொல்கிறார். தலைவர் சிரிக்கிறார், டீ கொண்டு வந்து வைக்கிறார். பின்னணியில் சோகமான இசை. அவ்வளவுதான் படம்.

மறு வாரம் அந்தத் தலைவரையே நேரில் போய்ப் பார்த்தோம். படம் எடுக்க வந்தவர்கள் இரண்டு நாள் தங்கினார்களாம். முதல் நாள் முழுக்க இவர்தான் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் மேல்நிலைத் தொட்டி, மோட்டார் அறை, நூறு நாள் வேலை நடக்கிற இடம் எல்லாம் காட்டி விளக்கியிருக்கிறார். இரண்டாம் நாள் வீட்டில் எடுத்தபோது கணவரும் உட்கார்ந்து பேசியிருக்கிறார். "அவர் பேசுனது நெசம்தான், இல்லைன்னு சொல்லல. நான் பேசுனது எங்க போச்சு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மனைவி பதவியில் இருக்க, கணவர் ஆட்சி நடத்துகிற ஊராட்சிகள் உண்டு. நம் களப்பணியிலேயே பார்த்திருக்கிறோம். 1996 உள்ளாட்சித் தேர்தலில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் வந்தது. 2016-ல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தால் அது பாதியாக உயர்ந்தது. அப்படியும் இந்தப் பழக்கம் முழுசாக ஒழியவில்லை. அதைப் பற்றிப் படம் எடுப்பது தேவையான வேலைதான். ஆனால் ஒரு உண்மையைச் சொல்வதற்காக, அந்த உண்மைக்குப் பொருந்தாத ஒருவரை வெட்டிப் பொருத்தியது சரியா?

பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும், முன்பு தியேட்டரில் படம் தொடங்குவதற்கு முன் அரசாங்கச் செய்திப்படம் ஓடும். அணை திறப்பார்கள், மந்திரி கை அசைப்பார். கம்பீரமான ஒரு குரல் பேசும். அதைப் பார்த்துப் பழகியதால் 'டாக்குமெண்டரி என்றால் நிஜம், சினிமா என்றால் கதை' என்று மனசில் பதிந்துவிட்டது. ஆவணப்படத்தில் வருகிறவர்கள் நிஜ மனிதர்கள்தான். ஆனால் எதை எடுக்கணும், எங்கே நிறுத்தணும், எதை வெட்டணும் என்று முடிவு செய்கிறவரும் ஒரு மனிதர்தானே. அர்விந்த் கெஜ்ரிவாலின் தேர்தல் பயணத்தைப் பற்றி 'ஆன் இன்சிக்னிஃபிகன்ட் மேன்' என்று ஒரு படம் 2017 நவம்பரில் தியேட்டருக்கு வந்தது. அதற்குச் சுமார் 400 மணி நேரம் எடுத்து, ஒன்றரை மணி நேரச் சொச்சமாகச் சுருக்கினார்கள். வெட்டிப் போட்டதில் இன்னும் நூறு படம் இருந்திருக்கும்.

தேர்தலை வைத்து எடுக்கும் படத்தில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துக்குப் பக்கத்தில் நுவார்க் என்று ஒரு ஊர். அங்கே 2002-ல் மேயர் தேர்தல். 1986 முதல் மேயராக இருந்த ஷார்ப் ஜேம்ஸ் ஒரு பக்கம். அவரை எதிர்த்து 33 வயது கவுன்சிலர் கோரி புக்கர். இரண்டு பேரும் கறுப்பினத்தவர், இரண்டு பேரும் ஒரே ஜனநாயகக் கட்சிக்காரர்கள். மார்ஷல் கரி என்ற இயக்குநர் இதை 'ஸ்ட்ரீட் ஃபைட்' என்ற படமாக எடுத்தார். 2005-ல் வெளிவந்து ஆஸ்கர் பரிசுக்கும் பரிந்துரையானது.

படம் பெரும்பாலும் புக்கரோடுதான் நடக்கிறது. அவர் கூடவே வீடு வீடாகப் போகிறோம், அவர் களைப்பைப் பார்க்கிறோம், சிரிப்பைப் பார்க்கிறோம். பார்க்கிற நமக்கும் அவர் ஜெயிக்கணும் என்று தோன்றிவிடுகிறது. அப்போ இது ஒருதலைப்பட்சமான படமா? மேயர் தரப்பை எடுக்க இயக்குநர் பலமுறை போயிருக்கிறார். மேயரின் ஆட்களும் போலீஸும் காமிராவை மறித்திருக்கிறார்கள். அந்த மறிப்பையும் அவர் படத்தில் வைத்தார். தனக்கு அந்தப் பக்கம் கதவு திறக்கவில்லை என்பதைத் தன் குரலிலேயே சொல்கிறார். பார்க்கிறவர்கள் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு பார்க்கலாம். நம் கருத்தில் இது மேலான வழி.

அந்தத் தேர்தலில் புக்கர் தோற்றார். 2006-ல் ஜெயித்து மேயரானார். ஜேம்ஸ் மேல் நகராட்சி நிலம் விற்ற விவகாரத்தில் மோசடி வழக்கு வந்து, 2008-ல் தண்டனை பெற்றார். பின்னால் இப்படி நடந்ததால் படம் எடுத்தவர் சரியான பக்கம்தான் நின்றார் என்று சொல்லத் தோன்றும். அது சரியில்லை என்று நினைக்கிறோம். 2002-ல் ஓட்டுப் போடப் போன நுவார்க் மக்களுக்கு 2008 தெரியாது அல்லவா. மேயருக்கு ஓட்டுப் போட்டவர்கள்தான் அந்த ஊரில் அன்றைக்கு அதிகம். அவர்கள் ஏன் போட்டார்கள் என்பது அந்தப் படத்தில் கம்மிதான்.

ஜப்பானில் வேறு மாதிரி ஒரு படம். 2005-ல் கவாசாகி நகர சபை இடைத்தேர்தலில் யாமாவுச்சி என்பவர் ஆளுங்கட்சி வேட்பாளராக நின்றார். கசுஹிரோ சோடா எடுத்த 'கேம்பெய்ன்' என்ற அந்தப் படத்தில் பின்னணிக் குரலே கிடையாது. இசையும் இல்லை. வேட்பாளர் ரயில் நிலைய வாசலில் நின்று போவோர் வருவோருக்கெல்லாம் குனிந்து வணங்குகிறார், தன் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். அவர் மனைவி வேலைக்குப் போகிறவர். வேலையை விடச் சொல்லி கட்சிக்காரர்கள் நெருக்குவதால் அவர் கோபப்படுகிற காட்சியும் உண்டு. எந்த நாடாக இருந்தாலும் வேட்பாளர் வீட்டுப் பெண் பாடு இதுதான் போல! யாரும் விளக்கம் சொல்லாததால் இது முழு நடுநிலை என்று தோன்றும். ஆனால் இயக்குநரும் வேட்பாளரும் ஒரே கல்லூரியில் படித்த பழக்கம் உள்ளவர்கள். குரல் இல்லை என்பதால் பார்வை இல்லை என்று ஆகிவிடாது.

சங்கரநாராயணர் சன்னதிக்கு நாம் எத்தனை முறை போயிருப்போம். ஒரே உருவத்தில் ஒரு பாதி சிவன், மறு பாதி பெருமாள். ஒரு பாதியை மட்டும் போட்டோ எடுத்துக் காட்டினால் அது பொய்ப் போட்டோ இல்லை. ஆனால் அதைப் பார்க்கிற வெளியூர்க்காரர் சங்கரன்கோவிலில் சிவன் மட்டும்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்.

அப்படியானால் இரண்டு பக்கத்துக்கும் சரிசமமாக நேரம் கொடுத்தால் போதுமா? அதுவும் போதாது. இதற்கு நம் பக்கத்து மதுரை மாவட்டத்தைப் பார்க்கலாம். உசிலம்பட்டி பகுதியில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். இந்த நான்கு ஊராட்சிகளின் தலைவர் பதவியும் 1996-ல் தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே பத்து ஆண்டுகள் முறையாகத் தேர்தல் நடக்க விடவில்லை. வேட்புமனு போட ஆள் வராது. வந்து ஜெயித்தாலும் உடனே ராஜினாமா எழுதி வாங்கிவிடுவார்கள். பக்கத்தில் மேலவளவில் தலைவராகப் பொறுப்பேற்ற முருகேசனும் அவரோடு வந்தவர்களும் 1997 ஜூன் 30-ல் வெட்டிக் கொல்லப்பட்டிருந்தார்கள். எந்த ஏழைக்குத்தான் துணிச்சல் வரும்?

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த நாட்களில் ஒருவர் காமிராவோடு போய், ஓட்டு எண்ணி, ஜெயித்தவர் சான்றிதழ் வாங்குவது வரைக்கும் எடுத்துவிட்டுத் திரும்பியிருந்தால்? ஜனநாயகம் ஜோராக நடக்கிறது என்றுதான் படம் சொல்லும். அவர் அடுத்த சில நாள் அங்கேயே இருந்திருந்தால் ராஜினாமாவையும் எடுத்திருப்பார். இரண்டு படத்திலும் ஒரு காட்சிகூடப் பொய் இல்லை. அதேபோல, தடுத்தவர்களுக்குப் பத்து நிமிடம், தடுக்கப்பட்டவர்களுக்குப் பத்து நிமிடம் என்று அளந்து கொடுத்திருந்தாலும், பயந்தவர் காமிரா முன்னால் என்ன பேசியிருப்பார்? "எங்களுக்கு ஒரு குறையும் இல்லீங்க" என்றுதான் சொல்லியிருப்பார். 2006 அக்டோபரில்தான் அந்த நான்கு ஊரிலும் தேர்தல் நடந்து, ஜெயித்தவர்கள் பதவியில் நிலைத்தார்கள்.

நம் குழுவில் கடன் தகராறு வந்தால் என்ன செய்வோம்? இரண்டு பேர் சொல்வதையும் கேட்போம். கேட்டுவிட்டுப் பாதிப் பாதி என்று தீர்ப்புச் சொல்வோமா? கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பார்ப்போம் இல்லையா? படம் எடுக்கிறவருக்கும் அந்தப் புத்தகம் வேணும். அதாவது ஊரில் தங்கணும், தனியாகப் பேசவிடணும், தீர்மானம், ரசீது எல்லாம் பார்க்கணும்.

காமிரா போகவே முடியாத இடமும் உண்டு. ஊராட்சித் தலைவருக்கு நாமே ஓட்டுப் போடுகிறோம். ஆனால் 2022-ல் நகராட்சித் தலைவர், மேயர் எல்லாம் கவுன்சிலர்கள் ஓட்டுப் போட்டு வந்தவர்கள். பிப்ரவரி 19-ல் நாம் கவுன்சிலருக்கு ஓட்டுப் போட்டோம், மார்ச் 4-ல் மன்றத்துக்குள் தலைவர் தேர்வு நடந்தது. தெருப் பிரச்சாரத்தை மட்டும் எடுத்த படம் பாதித் தேர்தலைத்தான் காட்டும்.

இதைச் சொல்லும் நாங்களும் சுத்தம் இல்லை. நிதி தந்தவர்களுக்குக் காட்ட, சில வருடம் முன்பு குழுக்களைப் பற்றி ஒரு சின்னப் படம் எடுத்தோம். மாடு வாங்கி முன்னேறியவர், தையல் மிஷின் வாங்கியவர் எல்லாம் அதில் உண்டு. கடன் கட்ட முடியாமல் குழுவை விட்டு விலகிய மூன்று பேரும் அதே தெருவில்தான் இருந்தார்கள். காமிராவை அந்தப் பக்கம் திருப்பவே இல்லை.

அடுத்த உள்ளாட்சித் தேர்தல் வரும்போது உங்கள் ஊருக்கும் யாராவது வருவார்கள். விரட்ட வேண்டாம். ஆனால் உட்காருவதற்கு முன் கேளுங்கள்: யார் பணத்தில் எடுக்கிறீர்கள், எங்கே காட்டுவீர்கள், வேட்பாளர் யாருக்காவது சொந்தமா, முடிந்ததும் எங்களுக்குப் போட்டுக் காட்டுவீர்களா? கையெழுத்துக் கேட்டால் தாளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போடுங்கள். பேச விருப்பம் இல்லை என்றால் மறுக்கலாம், அது உங்கள் உரிமை. இன்னார் வந்தார், இன்ன தேதியில் பேசினோம் என்று தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள். வீட்டு ஆம்பளை குறுக்கே பதில் சொன்னால், "நான் சொல்லுதேன்" என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். அந்தத் தலைவர் அக்கா சொன்ன யோசனை இது.

போனில் வருகிற தேர்தல் படங்களையும் இதே கண்ணால் பாருங்கள். எந்த வேட்பாளரின் வீட்டுக்குள் காமிரா போகிறது, யாரைத் தூரத்தில் இருந்து மட்டும் காட்டுகிறது, எந்த முகம் வரும்போது சோக இசை போடுகிறார்கள்? சத்தத்தை நிறுத்திவிட்டு ஒருதரம் பார்த்தால் பாதி வித்தை தெரிந்துவிடும்.

அந்தத் தலைவர் சார்பில் படம் எடுத்தவர்களுக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறோம். முதல் நாள் தொட்டி அருகில் அவர் பேசியதை, சேர்க்க முடியாவிட்டாலும் தனியாகவாவது தரும்படி கேட்டிருக்கிறோம். இந்த இதழ் அச்சுக்குப் போகும்வரை பதில் வரவில்லை.