சட்டகமும் சார்பும்

எழுத்துகளை வகைப்படுத்திய தொல்காப்பியர், தாமே தனித்து நில்லாமல் பிறவற்றைச் சார்ந்து வரும் மூன்றனைச் சார்பெழுத்து எனப் பிரித்தார். அவற்றுள் ஒன்றான குற்றியலுகரம், தன் பின்னே உயிர் வந்து புணருமிடத்துத் தன் இடத்தையே விட்டுக்கொடுத்துவிடும். கணினி நிரல் எழுதுவோர் 'டிபென்டென்சி' என வழங்கும் சொல்லுக்குச் சார்பு என்பதையே நாம் ஈண்டு ஆள்கின்றோம். தமிழ் பயின்றோர்க்கு இதில் என்ன வேலை என வினவலாம். நம்மிடம் தமிழ் பயின்று பின்னர் நிரல் எழுதும் பணிக்குச் சென்றோர் உளர். அவர்கள் நாள்தோறும் எதிர்கொள்ளும் இடர் இது.

கைப்பேசிச் செயலி ஒன்றை எழுதுவோர் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. இணையத்தோடு பேசுதற்கு ஒரு நிரல்தொகுதி, படங்களை இறக்கிக் காட்டுதற்கு ஒன்று, பிழைகளைப் பதிவு செய்தற்கு ஒன்று எனப் பிறர் எழுதி வைத்தவற்றை எடுத்துக் கோத்துக்கொள்கின்றனர். இது தவறன்று. ஆயின் செயலி எழுதுவதும் சட்டகம் எழுதுவதும் ஒன்றல்ல. சட்டகமாவது, பல செயலிகளுள் பொருத்திப் பயன்படுத்துமாறு ஒருமுறை எழுதிப் பலர்க்கும் வழங்கும் பொதுப்பகுதி. செயலியாளர் பிறர் நிரலை ஏற்கும்போது தம் வீட்டிற்கு விருந்தினரை அழைக்கின்றார். சட்டகத்தார் ஏற்கும்போதோ அடுத்தவர் வீட்டிற்குத் தம் விருந்தினரையும் உடன் அழைத்துச் செல்கின்றார். வீட்டுக்காரரை அவர் கேட்கவில்லை என்பதே சிக்கலின் வேர்.

அச்சிக்கலைச் சற்று விரித்துக் காண்போம். ஐபோன் செயலிகளில் இணையத் தொடர்புக்குப் பெரிதும் பயன்படுவது அலமோஃபயர் என்னும் தொகுதி. 2020-இல் வெளிவந்த அதன் 5-ஆம் பதிப்பு, 4-ஆம் பதிப்போடு ஒத்துப்போகாத மாற்றங்கள் பலவற்றைக் கொண்டது. நம் சட்டகம் 4-ஐச் சார்ந்திருக்க, அதனை வாங்கிய செயலி 5-ஐச் சார்ந்திருப்பதாகக் கொள்வோம். கோக்கோபாட்ஸ் போன்ற தொகுப்புக் கருவி ஒரு செயலிக்குள் ஒரு தொகுதியின் ஒரே பதிப்பையே அனுமதிக்கும். எனவே 'இணங்கும் பதிப்பு இல்லை' என்று கூறி நின்றுவிடும். இது வெளிப்படையான தோல்வி, வெளிப்படையாயிருத்தலின் நன்று.

ஆண்ட்ராய்டில் கிரேடில் என்னும் கருவி வேறு வழியிற் செல்லும். இரண்டு பதிப்புகள் கேட்கப்பட்டால், தடையேதும் கூறாதவழி, உயர்ந்த எண்ணுடையதை அது தானே தேர்ந்துகொள்ளும். தொகுப்பு இனிது முடியும். செயலி பயனரின் கையில் ஓடுங்கால், பழைய பதிப்பில் இருந்து புதியதில் நீக்கப்பட்ட ஒரு செயற்கூற்றை நம் சட்டகம் அழைக்கும். அக்கணமே செயலி முறிந்து வீழும். பழி செயலியாளர்மேல் விழும். காரணமோ அவர் பெயரும் அறியாத மூன்றாமவரின் நிரல்.

இதற்கு அஞ்சி, பிறர் தொகுதியைத் தம் சட்டகத்தின் உள்ளேயே ஒட்டி மறைத்து அனுப்புவாரும் உளர். செயலியிலும் அதே தொகுதி இருப்பின் ஒரே பெயரில் இரண்டு வகுப்புகள் நேரும். ஐபோனின் அப்ஜெக்டிவ்-சி இயக்கமுறை அந்நிலையில், இரண்டனுள் எது பயன்படும் என வரையறுக்கப்படவில்லை என்று எச்சரித்துவிட்டு மேலே செல்லும். மறைப்பதாயின் பெயரையும் மாற்றியே மறைத்தல் வேண்டும். அவ்வாறு செய்தால் செயலியின் பருமன் கூடும். மூலத்தில் பாதுகாப்புப் பிழை திருத்தப்படும்போது ஒட்டிய படியையும் நாமே மறவாது திருத்த வேண்டும். ஏஎஃப்நெட்வொர்க்கிங் என்னும் தொகுதியின் 2.5.1 பதிப்பில் பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்கும் பகுதி பழுதுற்றது. அதே 2015-ஆம் ஆண்டில் 2.5.2 பதிப்பு அதனைத் திருத்தியது. ஒட்டி மறைத்திருந்தோர்க்கு அத்திருத்தம் தானாக வந்து சேர்ந்திராது.

ஆகவே முதற்கண் கேட்க வேண்டிய வினா, இச்சார்பு வேண்டுமா என்பதே. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்னும் 11 வரி நிரலை அதன் ஆசிரியர் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து நீக்கினார். ஒரு சொல்லின் இடப்புறத்தை நிரப்பி நீளத்தைச் சமன் செய்வதன்றி அது வேறொன்றும் செய்வதில்லை. ஆயினும் அதனைச் சார்ந்தவற்றைச் சார்ந்தவை எனத் தொடர்ந்து, பேபெல் உள்ளிட்ட பெருந்தொகுதிகளின் கட்டமைப்பே தடைப்பட்டது. பத்து வரியைத் தாமே எழுதுவது இழுக்கன்று. மறையாக்கம் போன்ற நுண்துறைகளை மட்டும் தாமே எழுதத் துணிதல் கூடாது. அங்குப் பலர் ஆய்ந்த நிரலே காப்பு.

வேண்டும் எனத் தெளிந்தால், அச்சார்பு நம் சட்டகத்தின் வாயிலில் தலைகாட்டாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். நம் செயற்கூறு ஒன்று அலமோஃபயருக்கே உரிய பொருளைத் திருப்பித் தருமாயின், செயலியாளரும் அதனைக் கற்றே தீர வேண்டும். நாளை நாம் அதனைக் கைவிட எண்ணினாலும் விட முடியாது. நமக்கென ஓர் இடைமுகத்தை வகுத்து, அதன் பின்னே பிறர் நிரலை நிறுத்துதல் வேண்டும். இதனினும் சிறந்தது, படம் இறக்கும் வேலையை நீரே தருக எனச் செயலியாளரிடமே விட்டுவிடுதல். அவரிடம் ஏற்கனவே உள்ளதை அவர் இணைத்துவிடுவார். நாம் கொண்டுசெல்லும் விருந்தினர் ஒருவர் குறைவார்.

பதிப்பெண் பற்றியும் ஒன்று கூற வேண்டும. மூன்று எண்களுள் முதலாவது மாறின் பழையதோடு ஒவ்வாத மாற்றம், இரண்டாவது, புதிய சேர்க்கை, மூன்றாவது, பிழைத்திருத்தம். இது ஓர் உடன்பாடே. எல்லாரும் வழுவாது பேணுகின்றனர் எனக் கொள்ளற்க. செயலியாளர் சரியான ஒரு பதிப்பைப் பூட்டி வைத்தல் முறை. சட்டகத்தார் அவ்வாறு பூட்டினால் மற்றெல்லாரையும் அதே எண்ணில் கட்டிப்போடுகின்றார். எனவே அவர் '5.0 முதல் 6-க்கு முன்வரை' என வீச்சாகவே அறிவித்தல் வேண்டும். வீச்சின் கீழெல்லையையும் சோதித்துப் பார்ப்பார் அரியர். கருவிகள் பெரும்பாலும் உயர்ந்ததையே எடுப்பதால், 5.0-இல் ஓடும் எனச் சொன்ன நிரல் 5.0-இல் ஒருநாளும் ஓடியிராது.

பதிப்பைப் பூட்டினாலும் தீராத சார்பும் உண்டு. 2020 மே 6 அன்று ஃபேஸ்புக் நிறுவனம் தன் சேவையகத்தில் செய்த ஒரு மாற்றத்தால், அதன் நிரல்தொகுதியை உட்கொண்டிருந்த ஐபோன் செயலிகள் திறந்தவுடன் முறிந்தன. ஸ்பாட்டிஃபை, பின்டிரெஸ்ட், டின்டர் ஆகியவை அவற்றுட் சில. ஃபேஸ்புக் கணக்கின்வழி நுழையாத பயனர்க்கும் இதுவே நேர்ந்தது. செயலி தொடங்கும்போதே அத்தொகுதியும் விழித்துச் சேவையகத்தைக் கேட்டதே காரணம். ஒருவரும் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. அவ்வாண்டு ஜூலை 10 அன்று மீண்டும் இத்தகையதே நிகழ்ந்தது. இத்தகைய தொகுதியைச் சட்டகத்தின் நடுவில் வையாது, விரும்புவோர் மட்டும் சேர்த்துக்கொள்ளும் தனிக்கூறாக வைத்தலே தக்கது. அதுவும் தேவை நேரும்போது மட்டுமே விழித்தல் நலம்.

உரிமத்தைப் பலர் படிப்பதேயில்லை. விஎல்சி என்னும் காணொளிச் செயலி, அதன் ஜிபிஎல் உரிமம் ஆப்பிள் கடையின் விதிகளோடு முரணியதால் 2011 ஜனவரியில் அங்கிருந்து நீக்கப்பட்டு, உரிமம் மாற்றிய பின்னர் 2013-இல் மீண்டும் வந்தது.

இறுதியாக, நிரல் மட்டுமன்றி அது கிடைக்கும் இடமும் ஒரு சார்பே. ஆண்ட்ராய்டு நிரல்கள் நெடுநாள் குடியிருந்த ஜேசென்டர் களஞ்சியத்தை மூடுவதாக அதன் நிறுவனம் 2021-இல் அறிவித்தது. 2011-இல் தோன்றிய கோக்கோபாட்ஸின் மையப் பதிவேடு 2026 டிசம்பர் 2 முதல் புதியன எதனையும் ஏற்காது என அதன் காப்பாளர்கள் 2024-இல் அறிவித்தனர். ஏஎஃப்நெட்வொர்க்கிங்கும் 2023-இல் ஓய்வுபெற்றுவிட்டது. அதனைத் தம் இடைமுகத்தின் பின்னே நிறுத்தியிருந்தோர், மாற்றுவதற்கு ஒரு கோப்பைத் திறந்தால் போதும். மற்றையோர் தம் சட்டகத்தை வாங்கிய ஒவ்வொருவர்க்கும் கடிதம் எழுத வேண்டியவராவர்.